பிரீட்ரைக் தள்ளாட்ட நோயின் வரலாறு: நரம்பும் இதயமும்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் பிரீட்ரைக், 1863ஆம் ஆண்டு புதிய நோய் ஒன்றை விவரித்தார். பருவ வயதையொட்டி நடை தள்ளாடத் தொடங்கும். பிறகு பேச்சு குழறும். கண்ணை மூடினால் கை கால்கள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியாது. நோயாளிகளில் பலர் உடன்பிறந்தவர்கள்.

சக மருத்துவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. டேபிஸ் என்ற தண்டுவட நோயின் ஒரு வடிவம்தான் இது என்றனர் பலர். (டேபிஸ் சிபிலிஸ் தொற்றால் வருவது என்பது பின்னாளில் தெரிந்தது.) பிரீட்ரைக் 1870களில் மேலும் சில நோயாளிகளைக் காட்டி வாதாட வேண்டியிருந்தது. பிணக்கூறாய்வில் சிலரின் இதயத்தசை சிதைந்திருந்ததையும் அவர் பதிவு செய்திருந்தார். எனினும் அதை நரம்பு நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கண்ணெதிரே இருந்த தடயம் இப்படித்தான் கைநழுவியது.

அடுத்த முக்கியத் தடயம் 1980இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தது. இறந்த நோயாளிகளின் இதயத்தசை உயிரணுக்களில் இரும்புத் துகள்கள் படிந்திருந்தன. அவை ஏன் அங்கே சேர்ந்தன என்பதற்கு அப்போது விளக்கம் இல்லை.

நோய்க்குரிய மரபணு 9ஆம் குரோமோசோமில் இருப்பது 1988இல் தெரியவந்தது. 1996இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று மரபணுவையே கண்டுபிடித்து, அது உருவாக்கும் புரதத்துக்கு பிராடாக்சின் எனப் பெயரிட்டது. பெரும்பாலான நோயாளிகளிடம் மரபணுவின் இரு பிரதிகளிலும், புரதமாக மாறாத ஒரு பகுதியில், ஜிஏஏ என்ற மூன்றெழுத்து நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. சில சமயம் ஆயிரத்தையும் தாண்டுகிறது. இதனால் மரபணு சரியாகப் படிக்கப்படுவதில்லை. அதாவது இவர்களிடம் உருவாகும் பிராடாக்சின் பழுதானதல்ல, அளவில்தான் போதாதது.

மறு ஆண்டே இரும்பின் புதிரும் அவிழத் தொடங்கியது. அதற்கு உதவியது, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். அதில் இதற்கிணையான மரபணுவை நீக்கியபோது மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு குவிந்தது. அதே 1997இல் பாரிஸ் ஆய்வாளர்கள், நோயாளிகளின் இதயத்தசையில் இரும்பு-கந்தகக் கொத்துகளை நம்பியிருக்கும் நொதிகள் குன்றியிருப்பதைக் காட்டினர். அந்தக் கொத்துகளைக் கட்டுவதற்கே பிராடாக்சின் உதவுகிறது என்பது பின்னர் உறுதியானது. அது குறைந்தால், இரும்பு குவிந்து கிடந்தும் நொதிகளுக்குப் பயன்படாது. ஆற்றல் உற்பத்தி தளர்கிறது.

ஓயாமல் சுருங்கி விரியும் இதயத்தசைக்கும், முதுகெலும்பையொட்டிய பெரிய உணர்வு நரம்பணுக்களுக்கும் ஆற்றல் தேவை மிக அதிகம். இழந்த உயிரணுக்களை இவ்விரண்டும் எளிதில் ஈடுசெய்வதில்லை. உடல் முழுதும் உள்ள குறை இந்த இரண்டு இடங்களைக் கடுமையாகத் தாக்குவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்நோய்க்கான முதல் மருந்தாக ஒமாவெலாக்சலோனுக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது நரம்புச் சீரழிவின் வேகத்தைக் குறைக்கிறது, மரபணுவைத் திருத்துவதில்லை. இந்நோயாளிகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் இன்றும் இதயக் கோளாறே.