கோடாலிக்கு முன்னால் ஒரு கோப்பு

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் மரம் வெட்ட அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும் என்பது புதிய விஷயமல்ல. திருவிதாங்கூர் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை மன்னருக்குரிய மரங்கள். யாருடைய விளையில் முளைத்தாலும் சரி, நிலம் உனக்கு, மரம் சர்க்காருக்கு. மரத்தின் மேல் இரக்கப்பட்டுப் போட்ட சட்டமில்லை அது. தடிக்கு விலை இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் இல்லாத சாலையோரப் புளிக்கு வேறு விதமாகக் காவல் கிடைத்தது. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி, பெயிண்டில் எண் எழுதுவார்கள். அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மகசூல் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் காய் பழுக்கும்வரை ஆள் போட்டுக் காப்பார், கல்லெறியும் பையன்களை விரட்டுவார், பிறகு அடியில் சாக்கை விரித்துக் கிளையை உலுக்குவார். வருமானம் வரும் மரத்தை வெட்டினால் கணக்கில் இடிக்கும். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நடக்கும் ஊர் நாகர்கோவிலை ஒத்தது. அதிலும் நகராட்சி மரத்தின் புளி ஏலம்தான் பெரிய சண்டைக்கு வித்து. அதே நாவலில் காற்றாடித் தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா போடுகிறார்கள். மரத்தை அழித்துச் செடி வைப்பதைத்தான் நகர அழகு என்று நம்பிய காலம். இன்று முழுக்க மாறிவிட்டதாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த வரிசையில் அநாதையாக நின்றது நிழல் மரம். வாகை, பூவரசு, தூங்குமூஞ்சி, ஆல். ஏலத்துக்குக் காயில்லை, தேக்கைப் போல விலைபோகும் தடியுமில்லை. அதன் கீழே ஆட்டோ நிறுத்தியவருக்கும் இளநீர் விற்றவருக்கும் மட்டுமே அதனால் பிரயோஜனம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. மகாராஷ்டிரம் நகர மரங்களுக்காக 1975-லும், கர்நாடகம் 1976-லும், டெல்லி 1994-லும் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. சமவெளி ஊர்த் தெருவில் நிற்கும் மரத்துக்கு அப்படியொன்று வரவில்லை.

இதற்கிடையே, 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாளும் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பர் தோட்டங்கள் படுத்தன, சாலைகளில் மரங்கள் குறுக்கே விழுந்தன, மின்கம்பங்கள் ஒடிந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகு உயரமான மரம் என்றாலே பயம். “வீட்டு மேல விழுந்திரும்லா” என்றால் எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் விழுந்தவற்றில் எத்தனை மரங்களின் வேரைக் கால்வாய் தோண்டும்போதே அறுத்திருந்தோம், எத்தனை மரங்களின் தூரைக் காங்கிரீட்டால் இறுக்கியிருந்தோம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மழைநீர் இறங்கவும் வேர் மூச்சுவிடவும் தூரைச் சுற்றி நாலடி மண்ணாவது வேண்டும். நாம் அடிமரத்தை ஒட்டியே இன்டர்லாக் கல் பதிக்கிறோம்.

2021-ல் தமிழக அரசு மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று எனப் பசுமைக் குழுக்களை அமைத்து ஆணையிட்டது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். சாலை அகலப்படுத்தவோ கட்டடம் எழுப்பவோ அரசு நிலத்து மரத்தை அகற்ற வேண்டுமானால் விஷயம் குழுவுக்கு வர வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும். மன்னர் தேக்குக்குப் பார்த்த கணக்கைத் தூங்குமூஞ்சிக்கும் பார்க்கும் ஏற்பாடு இப்படித்தான், அதுவும் சட்டமாக இல்லாமல் அரசாணையாக, பிறந்தது.

ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் எனக்கு முழு நம்பிக்கையில்லை. நட்ட அன்று போட்டோ எடுப்பார்கள். இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? பிழைத்த கன்றையும் இரும்புக் கூண்டு ஒருநாள் இறுக்கும். கழற்ற ஆள் வரும்முன் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். எத்தனை நட்டோம் என்பதோடு, மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கின்றன என்பதையும் குழு வெளியிட்டால் தேவலை.

குழு தானாக எல்லாத் தெருவுக்கும் வந்து பார்க்காது. உங்கள் தெரு மரத்தின் மேல் கோடாலி விழப் போகிறது என்று தெரிந்தால், திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மரம் நிற்கும் இடம், எந்த மரம், அடிமரச் சுற்றளவு, ஒரு புகைப்படம் ஆகியவற்றை எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையே வெட்டிவிடும் வழக்கமும் இருப்பதால், முந்தின வாரமே போவது நல்லது.