தரைக்கும் வாடகை உண்டு

பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கம் மரத்துக்குப் பஞ்சமே கிடையாது. இந்த வட்டாரத்துப் பலா மரம் மிருதங்கக் கட்டையாகத் தஞ்சாவூர்ப் பட்டறைகள் வரை போயிருக்கிறது. நிலை, கதவு, ஊஞ்சல் பலகை எல்லாம் மரம்தான். ஆனால், 'தரையையும் மரத்துல போட்டா என்ன?' என்று கேட்டால் சிரிப்பார்கள். 'கரையான் சும்மா விடுமா? தண்ணி ஊத்திக் கழுவ வேணாமா?' நம் ஊர்த் தரையின் சரித்திரம் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

மரத்தரை குளிர்நாட்டுச் சரக்கு. அங்கே கல்தரையில் கால் வைத்தால் விறைத்துப் போகும். பலகை கதகதப்பாக இருக்கும். நமக்கு வேண்டியதோ காலுக்குக் குளிர்ச்சி. அதனால் சாணி மெழுகிய மண்தரை, பிறகு சிவப்பு சிமெண்ட், அதற்குப் பிறகு மொசைக் என்று வந்தோம். மரத்தைத் தலைக்கு மேலே வைத்தோம். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற மச்சில் தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் தாராளமாக வந்த காலம் அது. அப்படிப்பட்ட வீட்டில் மாடியில் குடியிருந்தவர் மரத்தின் மேல்தான் நடந்தார். அவர் கண்ணில் பட்டது காரைத் தரை மட்டும். கான்கிரீட் வந்ததும் அந்த மரமும் போய்விட்டது.

இந்தத் தரைக்கு வாடகைச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1973இல் திருத்தினார்கள். மனையின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவு, வசதிகளின் செலவு மூன்றையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம்தான் நியாய வாடகை. மொத்தம் 1 லட்சம் ரூபாய் வந்தால் ஆண்டுக்கு 9,000, மாதம் 750. வசதிகள் எவை என்று ஓர் அட்டவணை சொன்னது. லிப்ட், ஏர் கண்டிஷனர், தோட்டம் ஆகியவற்றோடு மொசைக் தரையும் அதில் இருந்தது. ஆனால் குடியிருப்பில் இந்த வசதிகளின் செலவை 15 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. தரை பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக உரிமையாளர் வாய்க்கு வந்த தொகையைக் கேட்க முடியாதபடி ஒரு கணக்கு இருந்தது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளரும் அதே கணக்கைக் காட்டிக் கூட்டிக் கேட்கலாம்.

ஆனால் அந்தச் சட்டம் பெரும்பாலும் நகராட்சி எல்லையோடு நின்றுகொண்டது. நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ குடியிருந்தவர் 'நியாய வாடகை எவ்வளவு?' என்று மனுப் போடலாம். அண்ணாகிராமத்துக் கிராமத் தெருவில் குடியிருந்தவருக்கு வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை.

2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ரத்தானது. நியாய வாடகைக் கணக்கும் அதோடு போனது. இப்போது ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கும் இடம் உண்டு.

சென்னை அடுக்குமாடிகளில் 'வுட்டன் ஃப்ளோரிங்' என்று விளம்பரம் வருவது இந்தக் காலத்தில்தான். அதில் நிறைய இடங்களில் இருப்பது லேமினேட்: மர நாரை அழுத்திச் செய்த பலகை, மேலே மரக் கோடுகளின் அச்சுப் படம். தண்ணீர் புகுந்தால் ஓரம் உப்பிவிடும். தேய்த்துப் பழையபடி ஆக்க முடியாது. அசல் மரமானால் இழைத்து மெருகு போடலாம். 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சிமெண்ட் தரையில் சேற்றை வாரிப் போட்டுக் கழுவிவிட்டுக் குடியேறலாம். லேமினேட்டில் அது நடக்காது. அப்போது நஷ்டம் யாருடையது?

பழைய அட்டவணை தரைக்கு என்ன செலவானது என்று கேட்டது. இன்றைய ஒப்பந்தம் தரையைக் கெடுத்தது யார் என்று கேட்கிறது. பதில் அட்வான்ஸிலிருந்து கழிகிறது. எனவே இப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர் சாவி வாங்கும் நாளிலேயே தரையைப் படம் எடுத்து, இருக்கிற கீறல்களையும், நடந்து தேய்வது யார் கணக்கு, மழைத் தண்ணீர் புகுந்தால் யார் கணக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 1973இல் சட்டம் போட்டுக் கொடுத்த கணக்கை இப்போது குடியிருப்பவரே போட வேண்டியிருக்கிறது.