காசிக்கு அருகே வீழ்ந்த கற்கள்

இரவு வானிலே கொள்ளியொன்று கோடிழுத்து மறைவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ஆனால், நிலவொளியையும் மங்கச் செய்யும் தீக்கோளமொன்று வானைக் கடந்து செல்வதைக் காண்பது சிலருக்கே வாய்க்கும். அவ்வாறு கண்டவர்களின் சொல்லை அறிஞர் உலகம் நெடுங்காலம் நம்ப மறுத்தது என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

1768ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு லூசே என்னும் ஊரிற் கல்லொன்று வீழ்ந்தது. அதனை ஆராய்ந்த குழுவினர், அது மின்னல் தாக்கிய சாதாரண நிலத்துக் கல்லே என முடிவு கூறினர். அக்குழுவில் லவோசியே என்னும் மாபெரும் இரசாயன அறிஞரும் இருந்தார். 1790இல் அந்நாட்டின் தென்மேற்கே பார்போத்தான் பகுதியில் தீக்கோளம் தோன்றிக் கற்கள் சொரிந்தன. ஊர்த் தலைவரும் முந்நூறுக்கு மேற்பட்டோரும் கையொப்பமிட்டுச் சாட்சி கூறினர். அவர்களுக்குக் கிடைத்தது ஏளனமே. படியாதவர் கண்ணுக்கும் கண்தானே என்று எண்ணிப் பார்த்தவர் அன்று மிகச் சிலர்.

அந்தச் சிலருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி. சட்டம் பயின்றவராதலின், பழைய சாட்சியங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்தார். இக்கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன என 1794இல் நூலெழுதினார். அவரையும் பலர் நகைத்தனர்.

இந்நிலையிலேதான், 1798ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு எட்டு மணியளவில், காசி நகரத்தார் தம் வானிலே பெருந்தீக்கோளமொன்றைக் கண்டனர். சாளரக் கம்பிகளின் நிழல் உள்ளே விரித்திருந்த கம்பளத்தின்மீது அழுத்தமாகப் படியுமளவுக்கு அதன் ஒளி இருந்ததாம். தொடர்ந்து இடிமுழக்கம் போன்ற ஓசை எழுந்தது. கோமதி ஆற்றுக்கு வடபால் உள்ள கிராக்குட் என்னும் சிற்றூரின் வயல்களிற் கற்கள் வீழ்ந்தன. காவற்காரன் ஒருவனுடைய குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் மண் தரையிற் புதைந்தது.

இச்சம்பவத்தின் சிறப்பு யாதெனில், அன்று வானம் முற்றிலுந் தெளிவாயிருந்தது. அதற்கு முன் ஒரு வாரமாகவே முகிலென்பதைக் கண்டாரில்லை. முகிலில்லாதபோது மின்னலேது? மேலும், அவ்வட்டாரம் ஆற்று வண்டல் படிந்த சமவெளி, அத்தகைய கல் அங்கே கிடைப்பதுமில்லை, அயலில் எரிமலையுமில்லை. ஐயுறுவோர் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் யாவும் ஒருங்கே அற்றுப்போயின.

காசியிலிருந்த ஜோன் லொயிட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஊராரை உசாவி இவற்றை எழுதி, கல்லையும் இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே எட்வேட் ஹவாட் என்னும் இரசாயன அறிஞர் அதனையும், இங்கிலாந்து, இத்தாலி, பொகீமியா ஆகிய இடங்களில் வீழ்ந்த கற்களையும் பகுத்தாராய்ந்து 1802இல் முடிவுகளை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் வீழ்ந்த அக்கற்கள் யாவும் உடன்பிறந்தன போன்றிருந்தன. எல்லாவற்றிலும் இரும்போடு நிக்கல் கலந்திருந்தது. நிலத்துக் கற்களில் அத்தகைய கலப்பைக் காண்பது அரிது.

மறு ஆண்டு, 1803 ஏப்பிரல் 26இல், பிரான்சின் லேகிள் நகரருகே ஏறத்தாழ மூவாயிரங் கற்கள் பொழிந்தன. இம்முறை அரசாங்கம் பியோ என்னும் இளம் விஞ்ஞானியை நேரில் அனுப்பியது. அவர் ஊரூராகச் சென்று, குடியானவர்களையெல்லாம் வினவி, கற்கள் வீழ்ந்த பரப்பை வரைபடமாக்கி அறிக்கை சமர்ப்பித்தார். பாரிசில் மறுத்துப் பேசுவோர் அதன்பின் அருகினர். பார்போத்தான் மக்கள் கையொப்பமிட்டு அப்பொழுது பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.