கடைசி பெஞ்சில் ஓர் ஆசிரியர்

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் பாடசாலை ஒன்றும் புது விஷயம் அல்ல. பல்லவன் நிருபதுங்கவர்மன் தன் 8-ஆம் ஆட்சியாண்டில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு 3 ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வில்லியனூரைத் தாண்டி மேற்கே திருபுவனைக்குப் போனால், ராஜாதிராஜ சோழன் காலக் கல்வெட்டில் 260 மாணவர், 12 ஆசிரியர் என்று கணக்கே இருக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னோர் ஆசிரியர் உட்கார்ந்து பார்த்தாரா? கல்வெட்டுக்கு அது வேண்டாத சங்கதி.

அப்படிப் பார்க்கும் பழக்கத்துக்கு நீண்ட பயணம் உண்டு. 1872-இல் ஜப்பான் அரசு டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர் அங்கே வகுப்பு நடத்திக் காட்டினார். பின்னாளில் ஜப்பானிய ஆசிரியர்கள் பார்ப்பதைத் தங்கள் வேலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். நாலைந்து பேர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளின் நோட்டை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இது பல நாடுகளுக்குப் பரவியது.

நமக்கு அது வேறு வேஷத்தில் வந்தது. 1854-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் கல்வித்துறை வந்தது, கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார். அவர் முன்னால் பிள்ளைகள் தேறினால்தான் மானியம் என்ற ஏற்பாடும் கொஞ்ச காலம் இருந்தது. பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரி அந்த விதிக்கு வெளியே. ஆனாலும் ‘ஆய்வு’ என்றதும் வரும் வியர்வை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். புது சார்ட் தொங்கும்; போன வாரம் முடித்த பாடமே மறுபடி ஓடும்; கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து பதில் சொல்லும்.

பி.எட். படித்தவர்களுக்கு இன்னொரு வடிவம் தெரியும்: வகுப்பில் நடக்கும் பேச்சைக் குறிக்க ஃபிளாண்டர்ஸ் வகுத்த 10 வகைகள். 3 வினாடிக்கு ஓர் எண் போட வேண்டும், நிமிடத்துக்கு 20. அவற்றில் 7 ஆசிரியர் பேச்சுக்கு, 2 மாணவர் பேச்சுக்கு, மிச்சம் ஒன்று மௌனத்துக்கோ இரைச்சலுக்கோ. நோட்டில் பிள்ளை என்ன எழுதுகிறது என்பதற்கு எண்ணே கிடையாது. (உற்றுநோக்கல் பதிவேட்டை ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் நிரப்பியவர்கள் உண்டு, அது தனிக்கதை.)

பிள்ளையின் அந்த நோட்டில்தான் விஷயமே இருக்கிறது. 3-ஆம் வகுப்பில் 52-இல் 27-ஐக் கழிக்கிறார் டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு” என்று பலகையில் நன்றாகவே நடத்துகிறார். வகுப்பு கோரஸாக “இருபத்தஞ்சு” என்கிறது. ஓரத்தில் ஒரு பிள்ளை வாயால் அதையே சொல்லிக்கொண்டு நோட்டில் 35 போடுகிறது. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று போன வருஷம் படித்ததை அது பிசகாமல் கடைப்பிடிக்கிறது. நடத்துகிறவருக்கு இது தெரிய வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், கணக்கே எடுக்காத தமிழாசிரியராக இருந்தாலும், பார்த்துவிடுவார்.

பார்க்கப் போனதால் ஓர் ஊரே மாறியதும் நடந்திருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், தன் ஆசிரியர்களை ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். கிராமப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அட்டை எடுத்துப் படிப்பதைக் கண்டு திரும்பியவர்கள் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது தமிழ்நாடு முழுக்கப் போனது அங்கிருந்துதான்.

புதுச்சேரி கொம்யூன்களில் இப்படிப் போய்ப் பார்ப்பதற்கு இப்போது தேவை அதிகம். 2023-24-இல் அரசுப் பள்ளிகளில் 6-ஆம் வகுப்புக்கு மேலும் சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஊறியவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பாடத்தைப் பக்கத்து ஊர் சார் எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. அஜீம் பிரேம்ஜி அறக்கட்டளை இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்கிறது. ஆசிரியர்கள் தாங்களாக வந்து கூடும் மன்றங்கள் அதன் வழிகளில் ஒன்று. ஆனால் கூடிப் பேசுவது வேறு, வகுப்புக்குள் போய் உட்காருவது வேறு.

தடை மனசில் பாதி, டைம்டேபிளில் பாதி. பார்த்தவர் எழுதிய தாள் துணை ஆய்வாளர் மேஜைக்குப் போகும் என்று தெரிந்தால் மறுபடியும் அதே புது சார்ட்தான். தாள் நடத்தியவரிடமே இருக்கட்டும். இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப்பள்ளியில் ஒருவர் வெளியே போனால் அஞ்சு வகுப்பும் இன்னொருவர் தலையில். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. மொபைலில் வீடியோ பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேர்கிறது. பக்கத்துப் பள்ளியில் பார்த்த பீரியடையும் அந்த 50-இல் சேர்த்து, அந்த நேரத்துக்கு மாற்று ஆள் ஒருவரையும் அனுப்பினால், கிருமாம்பாக்கத்திலிருந்து சேலியமேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர பஸ் செலவுதான் பாக்கி.