நெல் நாற்றுக்கு துத்தநாக ஆக்சைடு: வேர் நனைக்கும் முறை

"துத்தநாக சல்பேட்டில் 21 சதம்தான் துத்தநாகம், ஆக்சைடில் 80 சதம். அப்போது ஆக்சைடுதானே லாபம்?" என்று கேட்கும் விவசாயிகள் பலர். சதத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

துத்தநாகத்தை ஆவியாக்கி, அந்த ஆவியைக் காற்றில் எரித்தால் கிடைக்கும் வெள்ளைப் பொடிதான் துத்தநாக ஆக்சைடு. இது தண்ணீரில் கரையாது. அதனால் இலையில் தெளித்தால் சல்பேட் போல வேகமாகப் பலன் தராது. ஆனால் நாற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு, நட்ட பிறகு சிறிது சிறிதாகப் பயிருக்குக் கிடைக்கும்.

லிட்டருக்கு 20 கிராம் போதும். பொடியை மொத்தமாக வாளியில் கொட்டினால் கட்டி பிடிக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, திருநீறு குழைப்பதுபோல் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். சற்று விட்டாலே அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு நாற்றுமுடியை நனைக்கும் முன்பும் குச்சியால் கலக்குங்கள். பலர் தவறுவது இங்கேதான். வேரில் உள்ள சேற்றை அலசி, நனைத்தவுடன் நடவேண்டும். பொடியை அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

பாய் நாற்றங்கால், இயந்திர நடவுக்கு இம்முறை ஒத்துவராது. களர் நிலத்தில் இது மட்டும் போதாது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்க்காதீர்கள்.

நட்ட 2 முதல் 4 வாரத்தில் அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள் வந்து, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால் ஆக்சைடு தேடி அலையவேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து உடனே தெளியுங்கள்.