படமும் சொல்லும்: அல் ஜஸரியின் பொறிநூலைப் படிக்கும் முறை

இடைக்கால அரபுப் பொறிநூல்களின் படங்களை நுண்ணோவியங்களாக மட்டுமே கருதி, பின்புலத் தூரத்தைக் காட்டத் தெரியாதவர்களின் வரைவு என்று குறைகூறுவது அவற்றின் பயனையே தவறாகப் புரிந்துகொள்வதாகும். அவை அருகிலுள்ள சொற்களோடு சேர்த்துப் படிப்பதற்கென்றே வரையப்பட்டவை.

இதற்குத் தலைசிறந்த சான்று, தியார்பக்கிரை ஆண்ட அர்த்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய இஸ்மாயில் அல் ஜஸரி 1206இல் நிறைவுசெய்த பொறிநூல். கடிகாரங்கள், விருந்துக்கலங்கள், நீரூற்றுகள், நீரிறைக்கும் பொறிகள் என 50 அமைப்புகளை அது விளக்குகிறது. இத்துறைக்கு அரபியர் இட்ட ‘ஹியல்’ என்னும் பெயர், தமிழில் ‘சூழ்ச்சி’ என்பதைப் போலவே, தந்திரத்தையும் நுட்பமான ஏற்பாட்டையும் ஒருங்கே குறிக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களும் இத்துறையில் நூல் செய்தவர்களே. ஆயினும் ஒரு பொறியைச் செய்துமுடிக்கும் வழியை அல் ஜஸரி அளவுக்கு விரிவாக அவர்கள் கூறவில்லை.

யானைக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டி. அதில் அடியில் சிறுதுளையுடைய வட்டில் ஒன்று மிதக்கிறது. இந்தியாவில் வழங்கிய நாழிகை வட்டிலின் நெறியே இது. அரைமணி நேரத்தில் நீர் நிறைந்து வட்டில் மூழ்கும்போது அதனோடு பிணைத்த கயிறு இழுபட, மேலிருந்து ஒரு குண்டு விடுபட்டுப் பருந்துப் பொம்மையின் அலகு வழியாகப் பாம்புப் பொம்மையின் வாயில் விழுகிறது. அதன் பாரத்தால் பாம்பு கீழே சாயும்போது, சங்கிலியால் இழுக்கப்பட்ட வட்டில் மீண்டும் நீர்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. 1315ஆம் ஆண்டுப் படியின் புகழ்பெற்ற பக்கத்தில் யானையும் பாகனும் பாம்புகளும் பொன்னும் வண்ணமுமாகத் திகழ, அனைத்தையும் இயக்கும் வட்டிலோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நூலிலிருந்து பிரிந்து அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் அப்பக்கம் அழகைக் காட்டுகிறதேயன்றி இயக்கத்தைக் காட்டுவதில்லை. இந்தப் பிரிவினால் நேர்ந்த இழப்பு பெரிது.

நீரிறைக்கும் இரட்டை உருளைப் பொறியின் படத்தில் ‘பிழை’ என்று சுட்டப்படுவது இன்னும் தெளிவாக விளக்கம் பெறுகிறது. பற்சக்கரம் நேர்முகமாகவும், எதிரெதிரே கிடக்கும் செப்பு உருளைகள் பக்கவாட்டிலுமாக ஒரே தளத்தில் வரையப்பட்டுள்ளன. கண்ணுக்கு இது முரண். கம்மியனுக்கோ எந்த உறுப்பு எதனோடு இணைகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லும் வழி. உறுப்புகளின்மேல் இட்ட அரபு எழுத்துகள் உரையிலும் வருவதால், படம் இடத்தைச் சொல்ல, உரை அளவையும் செய்முறையையும் சொல்கிறது. திண்மப் பொருளைத் தாளில் காட்டுவதில் தெளிவின்மை இருக்கவே செய்யும் என்றும், படிப்பவர் கற்பனையில் அதைப் பிரித்தும் திருப்பியும் படிப்படியாகப் பொருத்திப் பார்க்கலாம் என்றும் அல் ஜஸரியே கூறுகிறார். குறை தெரிந்தே வரைந்தவரின் சொல் இது.

அரசவைக்கான நூலாதலின் உருவங்களின் முகமும் உடையும் ஓவிய மரபைத் தழுவின என்பதில் ஐயமில்லை. ஆனால் வால்வின் இரு பகுதிகளை எமரி என்னும் உராய்வுத் தூளிட்டு நீர் கசியாதவரை ஒன்றோடொன்று தேய்ப்பதும், மரப்பலகை கோணாதிருக்கப் பல அடுக்காக ஒட்டுவதும் எந்த ஓவியரின் கோட்டுக்கும் அகப்படாதவை. அவை உரையில் மட்டுமே வாழ்கின்றன.