நிரந்தரத்தின் எல்லைக்கோடு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆசிரியர் பணி விலகலின் வரலாறு

ஆசிரியர்கள் ஏன் பணியை விட்டுப் போகிறார்கள் என்று விழுப்புரம் மாவட்டத்தில் ஆராயப் புகுந்தால், யார் போகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் காலமுறை ஊதியம் பெறும் நிரந்தர ஆசிரியர் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது அரிது. தனியார் மெட்ரிகுலேசன் பள்ளி ஆசிரியர்களும் அரசுப் பள்ளிகளின் பகுதி நேர, தற்காலிக ஆசிரியர்களும்தான் அமைதியாக வெளியேறுகிறார்கள். இவர்களோடு, முதல் பணியிடமாக இந்த மாவட்டத்துக்கு வந்து, சில ஆண்டுகளில் மாறுதல் பெற்றுச் சொந்த மாவட்டம் திரும்புகிறவர்களையும், ஆசிரியர் பயிற்சியே வேண்டாம் என்று ஒதுங்கும் இளைஞர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த விலகல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். 1955 முதல் 1981 வரை அரசு படிப்படியாக ஆசிரியருக்குக் கொடுத்த பணிப் பாதுகாப்பு, 2003க்குப் பிறகு சேர்ந்த தேதியையும் பணியிடத்தின் வகையையும் பார்த்துக் கொடுக்கப்படும் ஒன்றாகிவிட்டது. அது இழுத்த கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே முதலில் விலகுகிறார்கள்.

அந்தப் பாதுகாப்புக்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்குவோம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் மிஷன்களும் தனியாரும் ஜில்லா போர்டும் நடத்தியது. திண்டிவனத்தில் இன்றும் வால்டர் ஸ்கடர் பெயரைத் தாங்கி நிற்கும் மேல்நிலைப்பள்ளி, அமெரிக்க ஆற்காடு மிஷன் விட்டுச் சென்ற தடம். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் வந்த மானிய முறையில் அரசின் பணம் பள்ளி நிர்வாகத்துக்குப் போனது. ஆசிரியருக்கு எவ்வளவு, எப்போது என்பது பெரிதும் நிர்வாகியின் கையில் இருந்தது. முதுமைக்கு என்று ஆசிரியரிடம் எதுவும் இல்லை. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்த திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊர்தோறும் பள்ளி என்ற அந்தக் காலத்தின் பெருமுயற்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். குக்கிராமத்துக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி அங்கேயே அவரை இருக்கவைத்ததில் இந்த ஓய்வூதியத்துக்கு இருந்த பங்கைப் போதிய அளவு எழுதவில்லை என்பது என் கருத்து.

அடுத்த கால்நூற்றாண்டு இந்தப் பாதுகாப்பை அகலப்படுத்தியது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்குப் பின் தொடக்கப்பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர், கோலியனூர் என்று இந்த வட்டார ஒன்றியங்களின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் அவ்வாறு வந்தவையே. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது என்றது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆக, 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதன் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் ஏறத்தாழ ஒரே தகுதிநிலை உடைய ஆசிரியர் சமூகம் ஒன்று இருந்தது. சம்பளம் சிறிதாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே விதி. தலைமையாசிரியரும் நேற்றுச் சேர்ந்த இடைநிலை ஆசிரியரும் ஒரே ஓய்வூதியத்தை நோக்கிப் பணி செய்தார்கள்.

இது உடைந்த ஆண்டு 2003. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்த எவருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றானது. ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ய, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டெஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்டில் டி. கே. ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெரும்பாலானோர் திரும்பச் சேர வழி செய்தது. ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றும் சொன்னது. பெரும்பாலோருக்கு வேலை திரும்பி வந்தது. நிரந்தரம் என்று நம்பியது ஓர் இரவில் போகக்கூடியது என்ற அறிவு மட்டும் அதன்பின் போகவில்லை. அதே காலத்தில் புதிய ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். மாதம் சில ஆயிரம் ரூபாய், ஆண்டு ஊதிய உயர்வு இல்லை, அகவிலைப்படி இல்லை. 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்றாலும், ஒரே வகுப்பறைத் தொழிலை வெவ்வேறு விலைக்கு வாங்கலாம் என்ற பாடத்தை நிர்வாகம் கற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் பாடம் பின்னர் மூன்று முறையாவது பயன்பட்டது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய ஊதிய நிர்ணயத்தில், 2009 மே 31 அன்று பணியில் இருந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் இடைவெளிக்கு அடிப்படையில் மட்டும் 3,170 ரூபாய் வேறுபாடு. அதன்மேல் ஏறும் படிகளோடு அது ஆண்டுதோறும் விரிந்தது. ஈராசிரியர் பள்ளி ஒன்றில் அடுத்தடுத்த வகுப்புகளை எடுக்கும் இருவர் இந்தக் கோட்டின் இருபுறமும் இருக்கலாம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற பதாகையோடு 2018 முதல் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் திரும்பத் திரும்ப நடந்த உண்ணாநிலைப் போராட்டங்களின் வேர் இதுதான். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி ஆகியவற்றுக்காக மாநிலம் முழுவதும் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டனர். மே மாதத்துக்குச் சம்பளம் இருக்கவில்லை. இன்று அவர்களில் எஞ்சியிருப்போர் சுமார் 12,000 பேர். இறந்தவர்களும் வயது முதிர்ந்தவர்களும் இந்தக் குறைவில் உண்டு. வாழ்க்கை நடத்த முடியாமல் வேறு வேலை தேடிப் போனவர்களும் உண்டு. பத்தாண்டு கழித்து, 2022இல், 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முனைந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மதிப்பூதியம். முதுகலையும் பி.எட்.டும் முடித்தவரை அடுத்த கல்வியாண்டு இருப்பாரா என்று தெரியாத நிலையில் வைத்துக்கொண்டு, அவர் விலகினால் அதை அவருடைய ஈடுபாட்டுக் குறைவாகப் படிப்பது நேர்மையாகாது.

தனியார் பள்ளிகளில் இந்த நிலையின்மை விதிவிலக்கே இல்லாத விதி. 1970களின் இறுதிவரை பல்கலைக்கழகங்களின் மேற்பார்வையில் இருந்த மெட்ரிகுலேசன் பள்ளிகள், மாநில அரசின்கீழ் வந்த பிறகு சிறு நகரங்களுக்குப் பரவின. விழுப்புரமும் திண்டிவனமும் சாலையும் ரயிலும் கூடும் ஊர்கள் என்பதால் சுற்றுக் கிராமங்களுக்குப் பள்ளி வேன் அனுப்பும் மையங்களாயின. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குச் சட்டம் தந்தது சொற்பம். சுந்தராம்பாள் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகமாட்டார் என்றது. பணிக்கொடையும் இவர்களுக்கு இல்லை என 2004இல் தீர்ப்பானது. நாடாளுமன்றம் 2009இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே அது ஆசிரியருக்கும் பொருந்தும் என்றது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில்தான் இறுதியானது. தமிழகத்தில் 2009ஆம் ஆண்டுக் கல்விக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின் குழு மாணவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. ஆசிரியர் ஊதியத்துக்கு அதுபோல் வலுவான அடிவரம்பு நடைமுறையில் இல்லை. கட்டணம் குறைவு, அதனால்தான் சம்பளம் குறைவு என்று நிர்வாகிகள் சொல்வதில் சிறிய பள்ளிகளைப் பொறுத்தவரை உண்மை உண்டு. ஆனால் பற்றாக்குறை வரும்போது குறைக்கப்படும் முதல் செலவு எது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் கீழ்வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பாதிச் சம்பளமும் சம்பளமின்மையும் தாங்கியவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். பள்ளி திறந்தபோது எல்லாரும் திரும்பவில்லை.

மாவட்டத்தை விட்டுப் போகும் மாறுதலுக்குத் தனிக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலத்துக்கு 80.09, கன்னியாகுமரிக்கு 91.75. படித்தோரும் பயிற்சி பெற்றோரும் தெற்கில் மிகுதி, காலியிடம் வடக்கில் மிகுதி. இதனால் தென் மாவட்டத்தவர் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி போன்ற இடங்களில் பணி ஏற்று, ஆண்டுதோறும் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊரை நோக்கி நகர்கிறார்கள். குடும்பத்தோடு இருக்க விரும்புவது குற்றமன்று. அவர்களைக் குறைசொல்வோர் தங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இந்த நகர்வு முன்பும் இருந்தது. அவர்கள் விட்டுச் செல்லும் இடம் முன்பு நிரந்தர நியமனத்தால் நிரம்பியது, இப்போது தற்காலிக ஆசிரியரால் அல்லது பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வருபவரால் நிரம்புகிறது என்பதே வேறுபாடு. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்ற கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் ஒருவர் போனால், ஐந்து வகுப்புகளும் மிஞ்சிய ஒருவரிடம் சேர்கின்றன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். ஆசிரியர் தொழிலை விட்டு ஓடுகிறார்கள் என்றால், 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏன் எழுதினார்கள்? அந்தக் கூட்டம் அரசுப் பணியிடத்துக்கான வரிசை. கற்பித்தல் என்ற தொழிலுக்கான வரிசையாக அதைப் படிக்க முடியாது. அவர்களில் தேர்ச்சி பெற்றோர் 2,448 பேர். பின்னர் தேர்ச்சி விகிதம் உயர்ந்தும், 2018இல் தகுதித் தேர்வில் வென்றவர்கள் நியமனத்துக்கு மற்றொரு போட்டித் தேர்வு எழுதவேண்டும் என்று அரசாணை வந்தது. இடைக்காலத்தில் அவர்கள் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் காத்திருந்தார்கள் அல்லது தொழிலையே விட்டார்கள். வரிசையின் நீளமே தனியார் பள்ளியில் சம்பளம் உயராமல் இருக்கக் காரணமாயிற்று: ஒருவர் போனால் இன்னொருவர் இருக்கிறார். இரண்டாயிரங்களில் மாநிலமெங்கும் முளைத்த ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இடங்கள் நிரம்பாமல் பல மூடப்பட்டதைப் பார்த்தால், அடுத்த தலைமுறை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது தெரிகிறது.

வேலைப்பளுதான் உண்மைக் காரணம் என்பது இரண்டாவது மறுப்பு. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், செயலி வழி மதிப்பீடு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி ஆகியவை ஆசிரியரின் நேரத்தைத் தின்பது உண்மை. தேர்தல் பணிக்கு ஆசிரியர்களை விடுமுறை, கற்பித்தல் இல்லாத நாட்களில் பயன்படுத்தவேண்டும் என்று 2007 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறை அதற்கு முழுமையாக இணங்கவில்லை. ஆனாலும் இந்தச் சுமையை அதிகம் தாங்கும் நிரந்தர ஆசிரியர் விலகுவதில்லை, குறைவாகத் தாங்கும் பகுதி நேர ஆசிரியர் விலகுகிறார். சுமை மனத்தை வாட்டுகிறது. வெளியேறத் தூண்டுவது பாதுகாப்பின்மை. இரண்டும் ஒருவரிடமே கூடுவது தனியார் பள்ளியில் என்பதால் அங்கே விலகலும் மிகுதி.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களையும் இப்போது வெளியே நிறுத்தப் பார்க்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் பணியில் சேர்ந்து, ஒன்று முதல் எட்டு வரை கற்பித்துவரும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்போர், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும். தவறினால் பணியை விடவேண்டும். பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்ற நோக்கத்தை எதிர்க்க முடியாது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், அன்றைய விதிப்படி முழுத் தகுதியோடு நியமிக்கப்பட்டு இருபது ஆண்டு பாடம் நடத்தியவரின் தகுதியை, சேரும்போது இல்லாத ஒரு தேர்வால் அளப்பது 2003இன் தர்க்கத்தைப் பின்னோக்கி நீட்டுவதாகும். ஒலக்கூர், வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களின் சிறு பள்ளிகளை நீண்ட காலமாகத் தாங்கி வருபவர்களில் ஐம்பது வயதை நெருங்கும் இந்த ஆசிரியர்களும் உண்டு. அரசு இவர்களுக்குப் பணியிடைப் பயிற்சியும் சிறப்புத் தேர்வும் போதிய அவகாசமும் தராவிட்டால், 2027இல் இந்த மாவட்டம் நிரந்தர ஆசிரியர்களின் விலகலையும் முதன்முறையாக எண்ண வேண்டியிருக்கும். அந்த இடங்களுக்கு வரப்போகிறவர்கள் எந்த ஊதியத்தில், எந்த ஓய்வூதியத்தில் வருவார்கள் என்பதை அதற்கு முன்பே அரசு எழுத்தில் சொல்லியாக வேண்டும்.